மஞ்சள் நீர் சிவந்த இடம்

1. முதுநகரில் ஒரு தெருவுக்கு அடியில் போகும் பழைய செங்கல் சாக்கடைச் சுரங்கத்தில் விரிசல் கண்டோம்.
2. அதற்கு மேலே, தெருவை ஒட்டி இருந்த வீட்டின் முன்சுவரிலும் விரிசல் ஓடியிருந்தது.
3. செங்கலுக்குப் பின்னால் மண் கரைந்த பொந்துகளைக் கிரவுட் எனும் சிமென்ட் குழம்பால் நிரப்பிவிட்டு, சுரங்கத்தின் உட்சுவருக்குப் புது லைனிங் போடுவது என்று முடிவானது.
4. சாலையில் துளையிட்டுக் கிரவுட்டைச் செலுத்தினோம். அது இறுகும்வரை சாக்கடையில் தண்ணீர் விட வேண்டாம் என்று வீடுவீடாகச் சொன்னோம்.
5. ஒரு வீட்டில் விட்டார்கள்.

விரிசல் விட்ட அதே வீடு. முன்னறையில் ஓர் அக்கா தையல் கடை வைத்திருந்தார். பொந்து நிரம்பாவிட்டால் தெருவைத் தோண்ட வேண்டும். தோண்டினால் அந்த முன்னறை நிற்காது. அது அவருக்கும் தெரியும்.

இந்த வேலையின் பொறியாளரான நான் தெருவில் நின்ற வேனுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா பொருத்திய சின்ன வண்டி சுரங்கத்துக்குள் ஊரும்போது மேலே வெயிலும் தெருவும் இருப்பதே மறந்துபோகும். ஈரச் செங்கல் வளைவுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்து, விலகி, மறையும். ராத்திரி அண்ணாமலை நகரில் நான் தங்கியிருக்கும் அறையில் கண்ணை மூடினாலும் அவை வரும். அன்று ஒரு வளைவில், செங்கல் இடுக்கில் பிதுங்கியிருந்த சாம்பல் நிறக் கிரவுட்டின் மேல், சிவப்பாக ஒரு கோடு மெல்ல இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. சத்தமே இல்லை.

"என்னா மேடம் இது, ரத்தமாட்டம் வருது?" என்றார் கேமரா ஓட்டும் அண்ணன்.

எனக்கு ஆரத்தித் தட்டு நினைவுக்கு வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சிமென்ட் பட்டாலும் அப்படித்தான்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், அந்த வீட்டின் பின்கட்டில் அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்துகொண்டிருந்தது.

"சாக்கடத் தண்ணி விட வேணாம்னுதான சொன்ன? சமையக்கட்டுத் தண்ணியக்கூட அண்டாவுல புடிச்சி வச்சிருக்கேன் பாரு," என்றார் அக்கா. "இது புள்ள தலைல ஊத்துனது. இதப் போயி சாக்கடத் தண்ணின்னு சொல்லுவியா?"

"சீரு பத்தலன்னு இப்ப செவுரும் மாமந்தான் கட்டணும்போல," என்றார் தாய்மாமன். நனைந்த தலையோடு மணையில் இருந்த பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"செவுரு போயிடுமா?" என்று என்னிடம் கேட்டார்.

திரும்பப் போய்ப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சுரங்கத்தில் வந்து சேரும் வாய் தள்ளி இருந்தது. சிவப்பு இறங்கிய இடத்தில் குழாயே இல்லை. அப்படியென்றால் குழாய் நடுவில் உடைந்து, இத்தனை காலமும் தண்ணீர் முன்னறைக்கு அடியில் போயிருக்கிறது. நாங்கள் குழாய் வாயைச் சுற்றித்தான் துளையிட்டிருந்தோம்.

"முன்னறைத் தரையில ஒரு துளை போடணும்க்கா."

"நல்ல நாளும் அதுவுமாவா?"

"நாளைக்கு."

மறுநாள் அவரே தையல் மெஷினை ஓரமாக இழுத்துவிட்டார். கிரவுட் போய்க்கொண்டே இருந்தது, அடியில் இன்னோர் அறை இருப்பதுபோல. ஒருவழியாகத் துளையின் வாய்வரை ஏறி நின்றது.

இப்போது லைனிங் போட்டாகிவிட்டது. உடைந்த குழாயை மாற்றிவிட்டோம். முன்சுவர் விரிசல் அகலுகிறதா என்று பார்ப்பதற்காக அதைப் பூசாமல் விட்டிருக்கிறோம். இதுவரை அகலவில்லை. மழைக்காலம் இனிமேல்தான் வர வேண்டும். அக்கா முன்னறையிலேயே தைக்கிறார்.