கிளிமேடு

மைதாவோடு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை அடித்தால், நான் ஏழாம் வகுப்பு படித்த வருடத்து எங்கள் வீட்டு முன்னறை இன்றும் கண்முன் வந்து நிற்கிறது. திருத்தங்கலில் எத்தனையோ வீடுகளைப் போல நாங்களும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினோம். அம்மா பசை தடவித் தர நான் ஒட்டுவேன். அந்த "சீசன்" முழுக்க வந்ததெல்லாம் பச்சைக்கிளி படம்.

அப்போதுதான் வரலாற்று சார், ஊரைச் சுற்றியுள்ள ஓடை, பாறை, பொட்டல் எல்லாவற்றுக்கும் ஏட்டில் ஏறாத "வாய்ப்பேர்" ஒன்று இருக்கும், ஆளுக்குப் பத்து எழுதி வாருங்கள், பள்ளி ஆண்டு மலரில் அச்சடிப்போம் என்றார். நரியோடை, ஒத்தப்பனைப் பொட்டல் என்று ஒன்பது கிடைத்துவிட்டன. பத்தாவதாக அம்மா பிறந்த இடத்தை எழுத ஆசைப்பட்டேன். கண்மாய்க்குக் கிழக்கே ஏழெட்டு வீடுகள் இருந்த குடியிருப்பு அது. நான் பிறப்பதற்கு முன்பே, அங்கே என் பெரியம்மா வீட்டில் காயவைத்திருந்த பட்டாசுத் திரி பற்றிக்கொண்டதில், வீட்டோடு அவளும் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்த இடத்தின் பெயரை எங்கள் சொந்தத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் "அங்கன" என்பார்கள். "அங்கன இருக்கையில", "அங்கன இருந்து வந்தவுக".

அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று நான் கேட்டதும் அம்மாவின் கை பசைச் சட்டியிலேயே நின்றது.

"அந்தப் பேரைச் சொன்னா எங்கக்கா திரும்பி வந்துருவாளா? ஒம்பது போதும்னு ஒங்க வாத்தியார்ட்ட சொல்லு."

ஒன்பதோடு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல எனக்கு வாய் வராது. மடியில் கிடந்த லேபிளைப் பார்த்தேன். பத்தாவதாக, கண்மாய்க்குக் கிழக்கே "கிளிமேடு" என்று எழுதிவிட்டேன்.

"கிளிமேடா? இம்புட்டு வருசமா இந்த ஊர்ல குப்பை கொட்டுறேன், எனக்கே தெரியலையே! கை தட்டுங்கலே இந்தப் பிள்ளைக்கு" என்றார் சார். எல்லோரும் தட்டினார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்தாள். சதா பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தவள், ஒரு மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, நாங்க பெறந்த எடத்துக்கு என்ன பேரு? நாக்கு நுனியில நிக்கி, வரமாட்டேங்குது. போனதும் அக்கா கேப்பாள்ல? நீ அப்பப் பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்தியே, பாத்துச் சொல்லு."

இத்தனை காலம் சொல்லாமல் அடக்கி வைத்த பெயர், வேண்டும்போது அவளிடமே இல்லை. சொந்தத்திலும் கேட்பதற்கு ஆள் மிச்சமில்லை. யாராவது எங்காவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று கிளம்பினேன். கிராம நிர்வாக அலுவலகத்தில், "சர்வே நம்பர்தான்க்கா ஏறியிருக்கு, தரிசுன்னு போட்டிருக்கு. பேரு எதுக்கு, எடம் வாங்கப் போறீகளா?" என்றார்கள். நூலகத்தில் ஊர் வரலாறு பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றிலும் கிளிமேடு. ஒன்றில், கிளிகள் கூட்டமாக அடைந்ததால் வந்த பெயர் என்று விளக்கம் வேறு. மூன்றுமே ஆதாரம் காட்டியது எங்கள் பள்ளி மலரைத்தான்.

"பாத்தீகளாக்கா, நம்மகிட்ட இல்லாததா?" என்றாள் நூலகத்துப் பெண், சந்தோஷமாக.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். "கிளிமேடும்மா" என்றேன்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "அங்கன ஏது தாயி கிளி?" என்றாள். நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன். "சரி, பொஸ்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்." அப்புறம் அவள் கேட்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

இப்போது வீடுகளில் யாரும் லேபிள் ஒட்டுவதில்லை. கண்மாய்க்குக் கிழக்கே மேட்டைச் சமப்படுத்தி, கிளிமேடு நகர் என்று பலகை வைத்து மனைக்கல் ஊன்றியிருக்கிறார்கள். பெரியம்மா வீட்டின் கரிந்த அஸ்திவாரக் கற்களையும் காணவில்லை. யாராவது பழைய ஆள் தட்டுப்பட்டால் கேட்கலாமே என்று, வேலை இல்லாத நாட்களில் மினி பஸ் ஏறிப் போகிறேன்.

"எங்கனக்கா, கிளிமேடா?" என்று நடத்துநர் கேட்கிறார்.

"அங்கனதான்" என்று சில்லறையை நீட்டுகிறேன்.