காவல்காரியை எண்ணிய கருவி

லிஹியா கவிச் தக்காளி வாங்கப் போனாலும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைக்காரரின் உயிரை எடுப்பாள். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் மின்னணு ஆய்வகம் அவள் பொறுப்பில் இருக்கிறது. பக்கத்து அறையில் வேதியியல் நடத்துகிற பாவத்துக்கு, அவள் பிடிவாதத்தில் பாதி என் தலையில்தான் விடியும்.

ஒருநாள் ஃபிடெலியா பூத் நேராக ஆய்வகத்துக்குள் வந்து நின்றார். கொடுக்கில்லாத தேனீ வளர்ப்பவர். குடைந்த மரத்துண்டுகளில் கூடுகள். அவற்றை நம்பித்தான் அவர் பிழைப்பு.

"இஞ்சினியரம்மா, சோயாப் பண்ணை விமானம் மருந்தடிக்கிற அன்னைக்குப் போற தேனீ திரும்பியே வரமாட்டேங்குது. நகராட்சியில சொன்னா, 'நீ எண்ணிப் பாத்தியா'ங்கறான். இப்படியே போனா மழைக்கு முன்னாடி என் கொட்டகை காலி."

"நீங்க ஏன்க்கா எண்ணணும்? கருவி எண்ணட்டும்" என்றாள் லிஹியா.

எங்கள் முதல்வர் ஏற்கனவே ஒரு வெளிநாட்டுக் கருவியின் படத்தை வைத்துக்கொண்டு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நொடிக்குக் கோடி எண்ணுமாம்.

"தேனீ என்ன மின்னலா சார்?" என்றாள் லிஹியா. " இத வாங்கினா, இருக்கற காசுக்கு ஒரு கூட்டுலதான் மாட்ட முடியும். அந்தக் கூடு செத்தா, அதுக்கு ஏதோ சீக்குன்னு சொல்லிடுவானுங்க. எனக்கு எல்லாக் கூட்டுக்கும் வேணும். மருந்து படாத ஊர்லயும் நாலு கூட்டுக்கு வேணும்."

மெரிதா நகரத்துக் கடைத்தெருவை ஒரு சல்லடை போட்டுச் சலித்து, மலிவான மின்னணுப் போர்டுகளை வாங்கி வந்தாள். கூட்டு வாசலில் ஓர் ஒளிக்கதிர். தேனீ அதை வெட்டிக்கொண்டு போனால் ஒன்று. கூடவே மணியையும் அது குறித்துக்கொள்ளும்.

வந்த எண்ணிக்கையைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. அதைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்த நகராட்சி அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "அடேங்கப்பா, பஸ் ஸ்டாண்டே தோத்துடும்! இதுங்களுக்கா சாவு? கொழுத்துக் கெடக்குதும்மா."

ஃபிடெலியா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "மலிவா வாங்கினா இதான் கதி!" என்று லிஹியாவிடம் கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் கூட்டின் எதிரே உட்கார்ந்துவிட்டாள். முனகிக்கொண்டே நானும் உட்கார்ந்தேன்.

வாசல் ஒரே ஒரு தேனீ நுழையும் அளவு. அதில் தலையை நீட்டிக்கொண்டு ஒருத்தி காவல் நிற்கிறாள். யாராவது வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு வழி விடுகிறாள். மறுபடி எட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் கதிர் வெட்டுப்படுகிறது.

"அடிப்பாவி! உன்னையா இத்தனை நாள் எண்ணினேன்?" என்று லிஹியா தலையில் அடித்துக்கொண்டாள். ஃபிடெலியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாள் பூரா எட்டிப் பாக்கறதுதானே அவ வேலையே!"

"இப்பவாவது நான் சொன்னதை வாங்கலாமா?" என்றார் முதல்வர், நாங்கள் கல்லூரிக்குத் திரும்பியதும்.

"அது இன்னும் வேகமா தப்பா எண்ணும் சார்."

மறுபடி மெரிதா. இந்த முறை, எந்தக் கதிர் முதலில் வெட்டுப்பட்டது என்று தெரிந்து கூட்டவும் கழிக்கவும் தெரிந்த போர்டுகள். வாசலில் இரண்டு கதிர்கள். உள்கதிரை வெட்டிவிட்டு வெளிக்கதிரை வெட்டினால் போகிறது. மாறி வெட்டினால் வருகிறது. காவல்காரி ஒன்றை மட்டும் வெட்டிவிட்டுப் பின்வாங்குவாள். அவள் கணக்கில் இல்லை. நொடி பிசகாத, விலை உயர்ந்த கடிகாரச் சிப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டாள். "விமானம் வந்த நிமிஷம் தெரிஞ்சாப் போதும். அதுக்கு மேல துல்லியத்த வச்சு நான் என்ன பண்ண?" என்னையும் உட்காரவைத்துக் காலை முழுக்கக் கண்ணால் எண்ணவைத்து, கருவியோடு ஒத்துப்போன பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த வாரம் விடியலில் விமானம் வந்தது.

சாயங்காலம் நாங்கள் போனபோது, ஃபிடெலியாவின் கூடுகளில் காலையில் போனவற்றில் பாதிகூடத் திரும்பவில்லை. கொட்டகைக் கோடியில் இருந்த கூட்டில் வரவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வழியில் பார்த்துவிட்டு வந்த, மருந்து படாத ஊரிலோ போனதும் வந்ததும் ஏறக்குறையச் சமம். நாங்கள் கேட்ட சாட்சி, அப்பழுக்கில்லாமல், கையில் இருந்தது.

ஃபிடெலியா அந்தக் கோடிக் கூட்டில் மாட்டிய கருவியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்சினியரம்மா, போன தடவ மாதிரி தப்பா எண்ணுதோ? ஒருவாட்டி பாத்துடேன்."

தக்காளியைக்கூடப் பத்துத் தடவை திருப்பிப் பார்ப்பவள், அன்று கருவியைத் தொடவில்லை. "இல்லக்கா. சரியாத்தான் எண்ணுது."

வாசலில் காவல்காரி தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். வழி விட யாரும் வரவில்லை.

ஃபிடெலியா முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, எடு. அந்த ஆளு இப்ப சிரிக்கட்டும், பாக்கறேன்."

லிஹியா ஒவ்வொரு கருவியாகக் கழற்றினாள். கோடிக் கூட்டுக்கு வந்தபோது ஃபிடெலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத மட்டும் விட்டுடு. ராத்திரிக்குள்ள ஒண்ணாவது வந்தா எண்ணட்டும்."

அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் நகராட்சிக்குக் கிளம்பினோம்.