சூடாக்காமல் வைத்திருந்த கார்

வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பித்து, முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால், சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதை நம்பி வண்டியைச் சாலையில் இறக்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

2009-ல் நான் வண்டி இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கடலூரில் இருந்தேன். என் மனைவியின் தம்பி குடிகாடு பக்கம் ஒரு ஆலையில் இன்ஜினியர். சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா, காலமான கணவரின் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. சிவப்பு நிறம், இரண்டே கதவு, வெளிமாநிலப் பதிவு எண். வீடு கட்டச் சேர்த்த பணத்தை அதில் போடத் தயாராகிவிட்டான். "வண்டி சரியில்லன்னா மாமாவே வேணாம்னு சொல்லிடுவாரு" என்று தன் அக்காவைச் சமாதானம் செய்து வைத்திருந்தான். ஆக, அந்த வீட்டுக்கு நான் ஜாமீன்.

போனதும் முதல் வேலையாக பானெட்டில் கை வைத்தேன். ஆள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி, நோயை மறைத்து வைப்பது விற்பவர்கள் வழக்கம். பானெட் ஜில்லென்று இருந்தது. டாக்டரம்மா சிரித்தார்.

"காலையிலேர்ந்து தொடவே இல்ல சார். மாத்திரை போட்டுக்கிட்டு வந்து, ஜுரமே இல்லன்னு சொல்றவங்கள தினமும் பாக்கறேன்."

ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம், பின்னால் கொஞ்சம் நீலப் புகை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மச்சானைக் கிட்டே கூப்பிட்டார். டயர்கள் தேயவே இல்லை; ஆனால் ஓரத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்பு வருஷத்தை அவரே காட்டி, ரப்பர் இறுகிவிட்டது, வேகமாகப் போனால் வெடிக்கும் என்றார். எஞ்சின் பெல்ட்டும் அப்படித்தான், ஓடியது குறைவு, வயது அதிகம். கடைசியாகத் தரைவிரிப்பைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில் துருவும் காய்ந்த சேறும். முந்தின வருஷ மழையில் தெருவில் நின்ற தண்ணீர் காருக்குள்ளும் வந்து போயிருக்கிறது. நான் தயாரித்துக்கொண்டு போன கேள்விகளுக்கு வேலையே இல்லை.

"மச்சான், கெளம்பு" என்றேன்.

"இவ்வளவும் அவுங்களே சொல்லிட்டாங்களே மாமா, இனிமே என்ன பயம்?" என்றான். செலவாகப் போவதையெல்லாம் கழித்து அவர் சொன்ன விலையில் எனக்கும் பேச இடமில்லை.

டாக்டரம்மா ஆர்.சி.யை ஏற்கெனவே தன் பெயருக்கு மாற்றியிருந்தார். வண்டி பதிவான மாநிலத்தில் தடையில்லாச் சான்றுக்கும் விண்ணப்பித்தார். முப்பது நாள் போயிற்று, பதில் இல்லை. நான் போனில் சட்டப் பிரிவை வாசித்துக் காட்டினேன்.

"சட்டம் சரிதான் சார். வழியில நிறுத்துறவருக்கும் நீங்களே வாசிச்சுக் காட்டுவீங்களா? பேப்பர் வரட்டும்" என்றார்.

அதற்குள் சென்னை புரோக்கர் ஒருவர் வந்தார். நம்மை விட அதிக விலை. சான்றும் வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வாராம். தண்ணீர் புகுந்த கதையை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாதாம். விஷயம் தெரிந்ததும் மச்சான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நமக்கும் டாக்டரம்மாவுக்கும் எழுத்தில் ஒரு வரி கிடையாது, தாராளமாக விற்கலாம் என்று நான் வேறு விளக்கம் சொல்லி வைத்தேன். பிறகு இருவரும் சிதம்பரத்துக்கே போனோம். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"அவரு வாங்கி வேற யாருக்கோ விப்பாரு. உள்ள தண்ணி போனது அந்த ஆளுக்குத் தெரியாது. உங்க மச்சானுக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம், எழுதிக் கேட்டால்கூட உண்மையைச் சொல்லாதவர்களோடுதான் பழக்கம். பழைய கார் வாங்குபவர்கள் இன்றும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எஞ்சின், டயர், பெல்ட், துரு எல்லாம் சொல்கிறேன். பிறகு, நீங்கள் வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள், விற்பவர் தானாக என்ன சொல்கிறார் என்று பாருங்கள் என்கிறேன். அப்படி இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

சான்று வந்து சேர்ந்தது அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு முதல் நாள்.