சுவத்துல கை வைக்காதீங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நடந்தது எங்கள் பக்கத்து வீட்டு டீச்சருக்கு. இன்றைக்கும் அவர் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

டீச்சரின் மாமனாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. தன் அறைச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேதான் நடப்பார். வெள்ளைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஓர் அழுக்குக் கோடு. விருந்தாளிகள் வந்துபோன ஒரு நாள், டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, இனிமே சுவத்துல கை வைக்காதீங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"சரிம்மா" என்றார் அவர். அவ்வளவுதான்.

மறுநாள் கையை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு அறைக்கு நடுவே நடந்தார். விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. "வயசாச்சு, தடுமாறிட்டார்" என்றார்கள் எல்லோரும்.

சில வாரம் போனது. அந்த அறையை மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் டீச்சரின் கணவர். பெயிண்ட் கடையில் டீச்சரின் விரல் தானாகவே ஒரு நிறத்தில் போய் நின்றது. கதகதப்பான காப்பிப் பழுப்பு.

"நல்ல கலர் மேடம். எத்தனை கை பட்டாலும் அழுக்கு தெரியாது" என்றார் கடைக்காரர்.

இதை அப்போதே அடித்திருக்கக் கூடாதா என்றிருந்தது டீச்சருக்கு.

லீவு நாள். நல்ல பகல். வீட்டில் வேறு யாருமில்லை. ஆள் வைக்க மனசில்லாமல் டீச்சரே ரோலரைப் பிடித்தார். அழுக்குக் கோடு பழுப்புக்குள் மறைந்தது. கடைசிச் சுவரையும் முடித்துவிட்டு, அலுப்பாகத் தரையில் உட்கார்ந்தார்.

சரக்... சரக்...

ரப்பர் செருப்புச் சத்தம். அறைக்கு நடுவிலிருந்து.

தரையில் விரித்திருந்த செய்தித்தாள் ஒவ்வோர் அடிக்கும் அழுந்தியது. மேலே ஆளில்லை.

தடுமாறித் தடுமாறி வரும் நடை. டீச்சருக்கு அந்த நடை தெரியும்.

எழுந்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. வாய்தான் திறந்தது.

"மாமா... சுவத்தைப் பிடிச்சுக்கோங்க..."

சத்தம் நின்றது.

ஈரச் சுவரில்... ஓர் உள்ளங்கை பதிந்தது.

தேய்த்துக்கொண்டே நகர்ந்தது. ஜன்னல்வரை... மூலைவரை... வாசல்வரை...

பிறகு ஒன்றுமில்லை.

அறையைப் பார்க்க சாயங்காலம் நாத்தனார் வந்தார். டீச்சர் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது.

"இந்த பிரவுனா? அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு அவர் உள்ளங்கை பூரா இதே கலர். ஈரமா ஒட்டியிருந்துச்சு. வீட்டுல பெயிண்ட் அடிக்கிறீங்களான்னு நர்ஸ் கேட்டாங்க."

"அப்போ நாங்க பெயிண்ட்டே வாங்கலையே..."

"எங்கேப்பா கை வெச்சீங்கன்னு நானும் கேட்டேன்..." நாத்தனாரின் குரல் இறங்கியது. "மருமகதாம்மா சுவத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுச்சுன்னார்."

டீச்சர் அதைச் சொன்னது... அன்றைக்குப் பகலில்தான்.