நிற்கிற லோரிக்கு ஒரு கல்

மலையில் லோரி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: ஓட்டுவதில் பாதி பயம், நிறுத்தி வைப்பதில் மீதி. எழுபதுகளில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினேன்.

கைப்பிரேக்

கொழுந்து நிறுக்கிற கொட்டகை சரிவில் இருந்தது. லோரியின் கைப்பிரேக் செத்து ரொம்ப நாளாச்சு. கியரில் போட்டாலும் நழுவும், அவ்வளவு கிழட்டு எஞ்சின். பின் டயருக்கு ஒரு பெரிய கல்லை அணை கொடுத்துத்தான் நிறுத்துவேன். பிரேக்கை மாற்றச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஒருநாள் ஆபீசை விட்டு வெளியே வந்து லோரியைப் பார்த்தார்.

"நிக்கிற லோரிக்கு எதுக்குய்யா பிரேக்? அதான் நிக்குதுல்ல."

நிழல்

சும்மா நிற்பதாகத்தான் எல்லாருக்கும் நினைப்பு. லோரி கீழே இழுக்கும், கல் மேலே தள்ளும். இரண்டும் சமமாக இருக்கிறவரை அசையாது. கொட்டகை மேடையிலிருந்து மூட்டை ஏற ஏற இழுப்பு கூடும். கல் பெரிசு, ஈடு கொடுத்தது.

கொழுந்து பறிக்கிற லெட்சுமி மத்தியானம் லோரிக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்துதான் சோறு தின்பாள். எழுந்து போ என்று தினமும் விரட்டுவேன்.

"அது பாட்டுக்கு நிக்குது. நீங்கதான்ணே ஆடுறீங்க."

சுண்ணாம்பு

பெரிய துரை வருகிறார் என்றால் பாதையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒருமுறை வரிசையில் ஒரு கல் குறைந்தது. கிராணி கண்ணில் என் டயர்க் கல் பட்டது. காலி லோரிதானே என்று நாலு ஆளை முட்டுக் கொடுக்கச் சொல்லி, கல்லை உருவி, ஒரு விறகுக் கட்டையைச் செருகவைத்தார். நான் கொட்டகைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

காலி லோரியைக் கட்டை தாங்கியது. மத்தியானம் பாதி மூட்டை ஏறுவதற்குள் நொறுங்கிவிட்டது. நான் கத்துவதற்குள் லோரி உருண்டு போய்த் தேயிலைச் செடியில் இடித்து நின்றது. நடுவில் லெட்சுமி. தாப்பா ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் துரை வந்தார், கற்களைப் பார்த்துத் தலையாட்டினார். கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு பேச்சை இப்ப எடுக்காதய்யா. கல்லு அழகா இருக்குன்னு துரை சொல்லிட்டாரு லா."

புது பிரேக்

அடுத்த வாரமே தாப்பாவிலிருந்து ஆள் வந்து கைப்பிரேக்கை மாற்றினான். அரைநாள் வேலை. லெட்சுமி வீடு திரும்பியதும் அவள் லைன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இனிமே பின்னால உக்காந்து சாப்பிடலாமாண்ணே?"

அதற்கப்புறம் அந்த லோரி எந்தச் சரிவிலும் அசையாமல் நின்றது. நிற்க முடியாமல் போனது லெட்சுமிதான்.