கட்டுப் போடும் மெஷினின் கதவு

மண் சரிந்து குன்னூர் ரயில் நின்றுபோன வருஷம், எங்கள் தேயிலை பேக்டரிக்கு, செடிகளைக் கவாத்து வெட்டிய குச்சிகளை அழுத்திக் கட்டுப் போடும் மெஷின் வந்தது. கதவைத் திறந்தால் நின்றுவிடும். வேலை கெடுகிறதென்று, திறந்தாலும் ஓடும்படி அந்தக் கதவு சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்தோம்.

இன்று குப்பைக் கிடங்குக்குப் போனேன். பிளாஸ்டிக்கை அழுத்தும் புது மெஷினிலும் அதே கம்பி! ஓடும் மெஷினுக்குள் ஒரு பெண் கையை விட்டுப் பிளாஸ்டிக்கைத் தள்ளுகிறாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏனுங்க மேஸ்திரி, கதவு தொறந்தா நிக்கோணுமில்லீங்க?"

"நின்னு நின்னு ஓடுனா லோடு எப்பங்க ஏத்தறது? ஒண்ணும் ஆகாதுங்கய்யா."

"அப்ப உங்க கையை உடுங்க, பாக்கலாம்."

சிரித்தார். கையை விடவில்லை.

மெஷினை நிறுத்தி, கம்பியை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தப்பென்பவர்கள் தாராளமாகத் திட்டுங்கள்.

அதற்குமுன் அரவேணு ஊருக்குப் போய், அன்று கம்பி கட்டும்போது என்னோடு நின்றவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் ஒருத்தியைக் கேளுங்கள்: எங்கள் பேக்டரி மெஷினுக்கு வலது கையைக் கொடுத்த செல்லம்மா.