மூன்று படி உயரம்

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நிற்கிற மாடி வீடுகளில் பாதி நான் மட்டம் பார்த்துக் கட்டியவை. என் சொந்த வீட்டைத் தெருவிலிருந்து மூன்று படி உயரத்தில் வைத்தேன்.

"இன்னா மேஸ்திரி, கோயிலா கட்டினுகீற?" என்று சிரித்தார் பக்கத்து மனைக்காரர். முதல் வெள்ளத்தில் அவர் குடும்பமே என் கூடத்தில்தான் சாப்பிட்டது. பிறகு தன் வீட்டை இடித்து உயர்த்திக்கொண்டார். கட்டிக்கொடுத்ததும் நான்தான்.

அப்புறம் ரோடு வந்தது. பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள். ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு படி போயிற்று. நாங்களும் மாலை போட்டு வரவேற்றோம். தெரு உயர்ந்தால் மனை விலை ஏறும் என்பது எங்கள் கணக்கு. இப்போது என் வீட்டுக்குள் இறங்கித்தான் வர வேண்டும்.

எங்கள் ஊர் மாநகராட்சியில் சேர்ந்ததும் மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. என் மனைவிக்கு முட்டி போய்விட்டது, மாடி ஏற முடியாது. கீழ் வீடு நனையக் கூடாது, எனக்கு அவ்வளவுதான். கவுன்சிலரிடம் நடையாய் நடந்து எங்கள் தெருவுக்கு முதலில் வாங்கினேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

கான்கிரீட் சுத்தமான வேலை. ஆனால் ஏரி எதிரே தெரிய, வடிகால் தெருமுனையோடு நின்றுவிட்டது. இன்ஜினியர் பெண்ணிடம் கேட்டேன்.

"எங்க லிமிட் இதோட முடியுது சார். அந்தப் பக்கம் வேற டிபார்ட்மென்ட். அவங்க பர்மிஷன் குடுத்தாதான் ஏரியில சேக்க முடியும்."

"அதுவரைக்கும் தண்ணி எங்கம்மா போவும்?"

அவள் வடிகாலைப் பார்த்தாள். "எழுதிப் போட்டிருக்கோம் சார்."

ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் எல்லாம் வடிகாலில் சேர்ந்து, முனையில் முட்டித் திரும்பி, தாழ்ந்த வாசலைத் தேடி வந்தது. தாழ்ந்த வாசல் என்னுடையதுதான். கட்டில் கால் முழுகியது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் மனைவியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம்.

"ஊருக்கெல்லாம் மட்டம் பாத்த மேஸ்திரி," என்றாள் பாதிப் படியில், "என்னிய கீழ போட்டுடாதய்யா."

அவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்றான் என் பையன். தூக்கலாம். அடுத்த ரோடு எந்த உயரத்துக்கு வரும் என்று விசாரித்தேன், சொல்ல ஆளில்லை. கீழ் வீட்டைப் பூட்டினேன்.

அவள் அதன்பிறகு இறங்கவில்லை. காய்கறி வண்டி வந்தால் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறாள். முடிச்சு நான் போட்டது, அவிழாது.